முதுகை இழுக்கும் மேசை: பிசியோ அக்காவிடம் கேளுங்கள்

செந்தூல், லோரி ஓட்டுநர்: கீழ் முதுகில், எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே ஸ்லிப் டிஸ்க். மேசையில் படுக்க வைத்து முதுகை இழுக்கும் டிகம்ப்ரஷன் செய்தால் ஆபரேஷனே வேண்டாமாம். 20 முறைக்குப் பேக்கேஜ் சொல்கிறார்கள். கட்டலாமா அக்கா?

இன்றைக்குக் கட்டாதீர்கள் தம்பி. இடுப்பில் ஒரு வார், மார்புக்குக் கீழே ஒரு வார் கட்டுவார்கள். மோட்டார் இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். அப்போது டிஸ்க்குக்குள் அழுத்தம் குறையலாம், சிலருக்குச் சுகமாகவும் இருக்கும். லோரியில் ஏறி உட்கார்ந்ததும் அழுத்தம் திரும்பிவிடும். இது டிராக்‌ஷனின் புது வடிவம்தான், அதாவது முதுகை இழுக்கும் பழைய சிகிச்சை. டிராக்‌ஷன் பற்றிய 32 ஆய்வுகளை 2013இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. வலியிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படி பலன் இல்லை. டிஸ்க் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணியும், பிதுங்கியதை உடம்பே கரைப்பதும் உண்டு. அதே வாரங்களில்தான் பேக்கேஜும் ஓடுகிறது, பெயர் மெஷினுக்குப் போகிறது.

ஒன்று மட்டும்: சிறுநீர் அடைத்தால், உட்காரும் இடம் மரத்தால், இரண்டு காலும் தளர்ந்தால் நேரே எமர்ஜென்சி.

கெப்போங்: அம்மாவுக்கு 71 வயது, எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு. அந்த மேசையில் படுக்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம், எலும்பு முறியலாம். கர்ப்பிணிகளுக்கும், முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்களுக்கும் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ்: 12 முறைப் பேக்கேஜ் என்றால்?

முதல் பதிலைப் படியுங்கள். 12, 20, 30 எல்லாவற்றுக்கும் அதே பதில். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பாருங்கள், பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள்.

செராஸ்: சர்க்கரை உண்டு, இரண்டு பாதமும் எரிகிறது.

அது சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியது. ஆனால் சிறுநீர் அடைத்தால் காத்திருக்காதீர்கள்.

பத்துமலை: எனக்கு எட்டாவது முறையிலேயே வலி போய்விட்டது. தைப்பூசத்துக்கு 272 படியும் ஏறினேன். எப்படிப் பலன் இல்லை என்கிறீர்கள்?

நீங்கள் ஏறியது எனக்கும் சந்தோஷம் அண்ணா. வலி எத்தனை நாள் இருந்தது? கூடவே என்ன செய்தீர்கள்?

பத்துமலை: மூன்று மாதம். தினமும் நடை, வயிற்றுத் தசைப் பயிற்சி. ஆனால் மேசைதான் காப்பாற்றியது.

மூன்று மாதம், நடை, பயிற்சி, மேசை. நான்கில் மேசைக்கு மட்டும் ஏன் மாலை?

பத்துமலை: கெடுதல் இல்லையே, செய்தால் என்ன?

காலம் போவதே கெடுதல். போன மாதம் ஒருவர் வந்தார். வாசலிலேயே இடது செருப்பு கழன்று விழுந்தது. கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னேன், அசையவில்லை. நரம்பு அழுந்துவதன் அடையாளம் அது. "பேக்கேஜில் இன்னும் ஆறு பாக்கி, முடித்துவிட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். அன்றே எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன்.

செந்தூல் தம்பி, உங்கள் இரண்டு கால் பெருவிரலையும் இப்போதே தூக்கிப் பார்த்து எழுதுங்கள்.

செந்தூல்: இரண்டும் தூக்க வருகிறது அக்கா.

சரி. நாளைக் காலையில் பத்து நிமிடம் நடங்கள்.