அந்த எண்ணை உங்கள் மகன் ஏன் அனுப்புகிறான்?

கேள்வி: எனக்கு 44 வயது. சிகரெட் தொட்டதில்லை, மதுப் பழக்கம் கிடையாது. ஆறு ஆண்டுகளாகச் சுருட்டுகளைச் சுவைத்து, ஒப்பிட்டு, குறிப்பெழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று. புகையை உள்ளே இழுப்பதில்லை. கியூபா இலைக்கும் நிகராகுவா இலைக்கும் என்ன வேறுபாடு, ஒரே சுருட்டு புதிதாக இருக்கும்போதும் இரண்டு ஆண்டுகள் பெட்டியில் கிடந்த பிறகும் எப்படி மாறுகிறது என்று நான்கு நோட்டுப் புத்தகங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் மூன்று நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, எது எந்தச் சுருட்டு என்று கண்டுபிடிப்போம். மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வாடை என்கிறாள், வீண்செலவு என்கிறாள். இப்போது என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டில் என்னைப் புரிந்துகொண்டவன் என் 11 வயது மகன் மட்டும்தான். பள்ளி விட்டு வந்ததும், சுருட்டுகள் காய்ந்துபோகாமல் வைத்திருக்கும் பெட்டியிலுள்ள ஈரப்பதமானியைப் பார்த்து, அது காட்டும் எண்ணை எனக்கு அலுவலகத்துக்குச் செய்தியாக அனுப்பிவிடுவான். 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீரும் அவனே ஊற்றிவிடுவான். ரசனையோடு செய்யும் ஒரு பொழுதுபோக்கு குற்றமா? மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

‘மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது’ என்று முடியும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பொழுதுபோக்கு ஆளுக்கு ஆள் மாறும், கேள்வி மட்டும் மாறாது. உங்கள் கடிதமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, மகனைப் பற்றிய அந்த இரண்டு வரி வரும்வரை. போகிற போக்கில் எழுதிவிட்டு உடனே மனைவிக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து வருகிறான். பையைக் கழற்றி வைக்கிறான். விளையாடப் போகும் முன்பு, தின்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் முன்பு, அப்பாவின் பெட்டி மூடியைத் தூக்குகிறான். உள்ளேயிருந்து மரவாசனையும் இலைவாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கின்றன. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறான். 67. அதைத் தட்டி அலுவலகத்திலிருக்கும் அப்பாவுக்கு அனுப்புகிறான். நாளைக்கு 66, மறுநாள் 68.

நீங்கள் அவனுக்கு என்ன பதில் அனுப்புகிறீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ‘சரி’ என்ற ஒரு சொல்லாக இருக்கலாம், கட்டைவிரல் படமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அவன் நாள் முழுவதும் காத்திருப்பது அதற்காகத்தான். மரப்பெட்டிக்குள் ஈரம் எத்தனை சதவீதம் என்பதில் 11 வயதுப் பிள்ளைக்கு என்ன அக்கறை இருக்கும்? அவனுடைய அக்கறையெல்லாம் உங்கள் மேல். அப்பாவின் கண் வீட்டில் எந்தப் பொருளின் மேல் அதிகம் தங்குகிறது என்று கவனித்திருக்கிறான். அந்தப் பொருளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அங்கே நின்றால் தன்னையும் பார்ப்பீர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் நீங்கள் ‘என்னைப் புரிந்துகொண்டவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் உங்களைப் புரிந்துகொண்டது உண்மை. நீங்கள் அவனைப் புரிந்துகொண்டதற்குக் கடிதத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

உங்களுக்குக் கவனிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கில் என்ன மணம், நடுப்பங்கில் எங்கே மாறியது, கடைசியில் காரம் எப்போது ஏறியது என்று எழுதத் தெரிந்தவர் நீங்கள். செடியின் அடியிலிருக்கும் வொலாடோ இலை நன்றாக எரியும், நடுவிலிருக்கும் செக்கோ மணம் தரும், உச்சியில் வெயிலை வாங்கித் தடித்த லிஹேரோ வலுவைத் தரும், அது மெதுவாக எரிவதால் சுருட்டுபவர் அதை நட்டநடுவில் வைப்பார் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகியிருக்கும். ஒரே செடியின் இலைகளுக்குள்ளே இத்தனை பேதம் கண்ட மனிதர், தன் பிள்ளையைப் பற்றி எழுதியது இரண்டே செய்திகள்: வயது 11, ஈரப்பதமானி பார்ப்பான். எந்த வகுப்பு? யார் அவனுக்கு நண்பன்? எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான்? நான்கு நோட்டுப் புத்தகங்களில் அவனுக்கு ஒரு பக்கம் உண்டா?

சனிக்கிழமைகளில் பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டுச் சுவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல முறைதான். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். அதே முறையில் உங்கள் கடிதத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘சுருட்டு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘பள்ளி விட்டு வந்ததும் என் மது அலமாரியைத் திறந்து, எந்தப் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று என் மகன் எனக்குத் தினமும் செய்தி அனுப்புவான்’ என்று இன்னொருவர் பெருமையாக எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பேனாவை எடுத்து எனக்கு எழுதியிருப்பீர்கள், அந்த மனிதரைக் கண்டியுங்கள் என்று. 18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்றால் குற்றம் என்று எத்தனையோ நாடுகளில் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் கை நீட்டத் தயங்கும் பொருளுக்கு உங்கள் வீட்டில் ஒரு சிறுவன் காவலாக நிற்கிறான்.

புகையிலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கும் குடும்பங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த சுருட்டு இலை விளையும் மண் என்று பெயர் பெற்றது. அங்கே ரொபைனா குடும்பம் 1845 முதல் புகையிலை பயிரிட்டு வருகிறது. அலெஹாந்த்ரோ ரொபைனா 2010-ல் தம் 91-வது வயதில் மறைந்தபோது பேரன் ஹிரோச்சி அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளை இலையைத் தொட்டுப் பார்க்கக் கற்றால் அது உழவு. நாற்று, மண், நிழல்பந்தல், அறுவடை, இலைகளைக் குவித்துப் புளிக்கவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை எல்லாம் அதில் அடக்கம். அது அவர்களுக்குச் சோறு போடும் தொழில். உங்கள் மகனுக்குக் கிடைப்பது அந்தத் தொழிலில் ஒரு துளியும் இல்லை. அறுவடை முடிந்து, சுருட்டி, பெட்டியில் வந்து சேர்ந்த பிறகு மிச்சமிருக்கும் ஒரே காரியமான புகைப்பது மட்டும்தான் அவனுக்கு வந்து சேரப்போகிறது.

‘உள்ளே இழுப்பதில்லை’ என்பது சுருட்டுக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் சமாதானம். நீங்கள் படிக்கிறவர், இதையும் படித்திருக்க வேண்டும். உலர்த்திப் புளிக்கவைத்த சுருட்டு இலையின் புகையில் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, அதிகம். அதனால் நுரையீரலுக்குப் போகாமலே, வாயின் உள்தோல் வழியாகவே நிக்கோட்டின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு முழுப் பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் சுருட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-லேயே தனி நூலாகத் தொகுத்து வெளியிட்டுவிட்டது. பக்கத்தில் நிற்பவருக்கு ‘உள்ளே இழுப்பதில்லை’ என்ற வசதியும் கிடையாது. அவர் மூச்சு விட்டாக வேண்டும். ரொபுஸ்டோ என்ற ஐந்து அங்குலச் சுருட்டு ஒன்று எரிந்து முடிய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமைகளில் நான்கு பேர். உங்கள் மனைவி சொல்லும் ‘வாடை’ இதுதான். திரைச்சீலையிலும் மெத்தையிலும் பிள்ளையின் தலைமுடியிலும் அது திங்கட்கிழமை வரை இருக்கும்.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். சுருட்டுப் பிரியர்களின் பட்டியலில் அவர் பெயர் தவறாமல் வரும். 24 வயதில் புகைக்கத் தொடங்கி, சீக்கிரமே சுருட்டுக்கு மாறி, அதிலேயே நிலைத்தவர். 1923-ல் அவருடைய வாயில் புற்றுநோய் கண்டார்கள். மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கை அண்ணம் பொருத்தினார்கள். 1939-ல் இறக்கும்வரை 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். அவ்வளவுக்கும் நடுவில் சுருட்டை அவரால் விட முடியவில்லை. பெரும்பாலோர் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்தப் பழக்கத்தில் தமக்கு முன்மாதிரி யார் என்று ஃபிராய்டே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை. 81-வது வயது வரை புகைத்தவர். தந்தை அந்த வயது வரை வாழ்ந்துவிட்டார். மகன் அதற்குக் கொடுத்த விலை அவ்வளவு.

உங்கள் மகனுக்கு இன்னும் எட்டு ஆண்டுகளில் 19 வயது. ஒரு நாள் அவன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டிப் பற்றவைத்தால் எந்த வாயால் வேண்டாம் என்பீர்கள்? எட்டு ஆண்டுகளாக அந்தச் சுருட்டு காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டவனே அவன்தானே!

இப்போது உங்கள் மனைவிக்கு வருகிறேன். பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் குறைத்துக்கொள்ளமாட்டார்? தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே ஒரு வழக்கு நடக்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். மகன் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு மாலையும் அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். தடுத்தால் பிள்ளைக்கு அம்மா எதிரி. தடுக்காவிட்டால் தன் கண்ணெதிரே அவன் புகையிலையோடு பழகுகிறான். இந்த இக்கட்டில் ஒரு பெண் வாயை மூடிக்கொள்வதை நீங்கள் பிடிவாதம் என்று நினைக்கிறீர்கள். கணவன் மனைவிக்குள் ஆயிரம் பூசல் இருக்கலாம். பிள்ளையை ஆள்சேர்ப்பது அதர்மம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மனைவிக்குப் புரியவைக்கும் வழியையும் நான் சொல்லப்போவதில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைக் கூட்டம் இனி உங்கள் வீட்டில் வேண்டாம். நண்பர்களிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குப் பூட்டு போடுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். ஈரப்பதத்தைத் தானாகவே கைபேசிக்கு அனுப்பும் கருவிகள் விற்கின்றன; இத்தனை நுணுக்கம் பார்க்கும் உங்களுக்கு அது தெரியாமல் இராது. ஆனால் அந்தக் கருவியை வாங்கி வைத்துவிட்டு, ‘இனி நீ பார்க்க வேண்டாம்’ என்று மகனிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். தினமும் உங்களோடு பேச அவனுக்கு இருந்தது அந்த ஓர் எண். அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நிறுத்தினால் அவன் தன்மேல்தான் ஏதோ தவறு என்று நினைத்துக்கொள்வான்.

முதலில் நீங்கள் பேசுங்கள். அவன் பள்ளி விட்டு வரும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீங்களே அழையுங்கள். செய்தி போதாது, குரல் கேட்க வேண்டும். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். முதல் நாள் ‘ஒன்றுமில்லை’ என்பான். இரண்டாம் நாளும் அதையே சொல்லலாம். விடாதீர்கள். ஒரு சுருட்டின் கடைசிப் பங்கில் மணம் மாறுவதற்காக ஒரு மணி நேரம் உட்காரத் தெரிந்தவருக்கு இது முடியாத காரியமில்லை. அவன் தானாகப் பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள் உட்காரவைத்து நேராகச் சொல்லுங்கள்: ‘இது உடம்புக்குக் கெடுதல். உன்னை இந்த வேலைக்கு வைத்தது அப்பா செய்த தவறு.’ இதை அவன் அம்மாவும் அருகில் இருக்கும்போது சொல்லுங்கள். அவர் காதிலும் அது விழ வேண்டும்.

நீங்கள் சுருட்டை விட வேண்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. விட வேண்டும் என்பதுதான் என் கருத்து. விடுவது கடினமாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் அந்த முடிவு எப்போது வந்தாலும் வரட்டும். மகன் விஷயம் அதுவரை காத்திருக்க முடியாது. அது நாளை மாலை அவன் பள்ளியிலிருந்து வரும்போதே தொடங்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். அவன் எந்த வகுப்பு, அவனுடைய நண்பனின் பெயர் என்ன, எதற்குச் சிரிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று எழுதுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது விடை தெரியாவிட்டால், எனக்கு எழுதும் நேரத்தை அவனோடு செலவழியுங்கள்.