பைபோலார் சோர்வுக்கு எந்த மாத்திரை?

தம்பிக்கு பைபோலார் (மனநிலை சில காலம் மிகை எழுச்சிக்கும் சில காலம் கடும் சோர்வுக்கும் மாறும் நோய்). இப்போது சோர்வாகப் படுத்தே கிடக்கிறான். எனக்குக் கேட்ட மனச்சோர்வு மாத்திரை எசிட்டலோப்ராமை அவனுக்கும் தரலாமா? (குடியாத்தம் வாசகி)

வேண்டாம்மா. அந்த வகை மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்குச் சோர்வு போய் எழுச்சி வந்துவிடும்: தூக்கம் இருக்காது, பேச்சு ஓயாது, கடன் வாங்கியாவது செலவு. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் போன்ற மருந்தோடு, மனச்சோர்வு மருந்துகளான பராக்சிடினையோ புப்ரோபியானையோ சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. சாவைப் பற்றித் தம்பி பேசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள்.

க்வெட்டியாபின் எழுதியிருக்கிறார்கள். லூராசிடோன் மேல் என்கிறார் நண்பர். எனக்குச் சர்க்கரை உண்டு. தோல் ஃபேக்டரியில் காலை ஷிப்ட். (ராணிப்பேட்டை)

பைபோலார் சோர்வுக்கு இரண்டுமே கேட்கும். க்வெட்டியாபின் வழக்கமாக 300 மி.கி.; ஆய்வுகளில் 600 கொடுத்தும் பலன் கூடவில்லை. தூக்கம் வராதவருக்கு நல்ல மருந்துதான். ஆனால் விடிந்த பிறகும் மந்தம் இருக்கும். மெஷின் முன் நிற்கிறவருக்கு அது ஆகாது. எடையும் சர்க்கரையும் ஏறலாம். ஒலான்ஸபின்–ஃப்ளூஆக்ஸிடின் கூட்டு இந்த விஷயத்தில் இன்னும் மோசம். லூராசிடோன் அந்தளவு ஏற்றாது, உங்கள் நிலைமைக்கு நானும் அதைத்தான் முதலில் யோசிப்பேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தது 350 கலோரி உணவோடு சாப்பிட வேண்டும். டீயும் பன்னும் போதாது. நாலு இட்லி, சாம்பார், சட்னி என்று சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் பாதி மருந்துதான் உடம்பில் சேரும். சிலருக்குக் குமட்டும், சிலருக்கு உட்கார முடியாமல் கால் பரபரக்கும். மாற்றுவதை டாக்டரிடம் பேசிச் செய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பைபோலாருக்கு லாமோட்ரிஜின் எடுக்கிறேன், மூன்றாவது வாரத்திலும் 50 மி.கி.தான். ஏன் இழுக்கிறார்கள்? (காட்பாடி)

வேண்டுமென்றேதான். இரண்டு வாரம் 25, அடுத்த இரண்டு வாரம் 50 என்பதே முறை. வால்புரோயேட் என்ற மருந்தும் எடுப்பவருக்கு இதிலும் பாதி. அவசரப்பட்டு ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் அலர்ஜி வரலாம். தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் என்றால் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். அப்புறம், ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராதீர்கள். 25இலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

லித்தியம் வெயிலுக்கு ஆகாதாமே? (ஆற்காடு)

அக்னி நட்சத்திரத்திலும் சாப்பிடலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வயிற்றுப்போக்கு, கைநடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே டெஸ்ட். வழக்கமான டெஸ்ட்டுக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகாதீர்கள்.