இந்தியாவில் அரசின் வேலை எதுவரை?

"காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்றோடு இந்திய அரசு நின்றுகொள்ள வேண்டும் என்று லிபர்டேரியன்கள், அதாவது சுதந்திரவாதிகள், சொல்கிறார்களே, அது சரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். இந்தியாவில் எனக்கு ஓட்டும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை. ஆனாலும் நாமக்கல் பக்கத்தில் தாத்தா விட்டுவந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நீதிமன்றத்தில் வழக்காகக் கிடக்கிறது என்பதால், இந்திய அரசைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் வாய் இருக்கிறது.

கப்பலேறும் முன் தாத்தா எழுதி வாங்கிய கிரையப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டில் ஒரு மைலோ டின்னுக்குள் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் அற்றுப்போனதால் நான்கு துண்டுகளாக விரித்து வைத்துத்தான் படிக்க முடியும். பத்திரம் எங்களிடம் இருந்தது. பட்டாவோ 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். பதிவு நடந்தபோது பங்காளி ஒருவர் பெயரில் ஏறிவிட்டது. அப்பா தொடுத்த வழக்குக்கு அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டின் நகல் ஒன்று தேவைப்பட்டதால் 2018இல் நானே ஊருக்குப் போய், ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு நின்றேன். நான் பார்க்க வேண்டியவரின் நாற்காலியில் துண்டு மட்டும் கிடந்தது. "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்றார்கள். புளியமரத்தடியில் காத்திருந்தபோது, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எதிர்ச்சாரியில் டாஸ்மாக் கடையின் ஷட்டர் மேலே ஏறியது. ஒரு நிமிடம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

சுதந்திரவாதிகளின் குற்றச்சாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. 1983இல் தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் ஏகபோகமாகவே வைத்திருக்கும் டாஸ்மாக் நிறுவனம் அரசுடையது. எந்த நிலம் யாருடையது என்று சொல்ல வேண்டிய அலுவலகமும் அதே அரசுடையது. வேறு எவரும் செய்துவிடக்கூடிய வேலை மணி தவறாமல் நடக்கிறது. அரசைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாத வேலைக்கு நாற்காலியில் ஆளில்லை.

இந்த விமர்சனத்தை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். ராஜாஜியை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைப்பேன். 1952இல் சென்னை மாநில முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டவர் அவர். 1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, "லைசென்ஸ் பெர்மிட் ராஜ்" என்று அன்றைய ஆட்சிமுறைக்குப் பெயரிட்டவரும் அவரே. 1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின்படி, பட்டியலில் இருந்த தொழில்களில் புதிய ஆலை வைப்பதற்கும், இருக்கும் ஆலையைக் கணிசமாகப் பெருக்குவதற்கும் தில்லியின் உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றது. தாலிக்கு எவ்வளவு செம்பு கலக்க வேண்டும் என்பதை அரசாங்கம் முடிவு செய்யப் புறப்பட்டபோது, பட்டறையே கதியென்று இருந்த பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள், கடத்தல்காரர்கள் கொழுத்தார்கள். 1968இல் தனிச் சட்டமாகவே வந்த அந்தக் கட்டுப்பாடு 1990இல்தான் ஒழிந்தது. 1953இல் நாட்டுடைமையான ஏர் இந்தியாவும் 2022இல் டாட்டாவிடமே திரும்பிப் போயிற்று. இவற்றில் எதிலும் சுதந்திரவாதிகளோடு எனக்கு வழக்கில்லை.

நிலத்துக்கு வருகிறேன், என் மனக்குறை அங்கேதான். 1978இல் வந்த 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்து, 300ஏ பிரிவில் வைத்தது. அதைவிட அன்றாடத்தில் வலிப்பது, இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உடைமையை அல்ல என்பது. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதைப் பதிவு அலுவலகம் உறுதி செய்து தருவதில்லை. வருவாய்த் துறை தரும் பட்டாவும் முடிந்த முடிவு இல்லை. இங்கே மலேசியாவில் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி கிராண்டில், அதாவது நில உடைமைப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறதோ, மோசடி போன்ற சில விலக்குகள் தவிர, அவரே உடைமையாளர். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை வாங்கியபோது ஒரு தாளைப் பார்த்தோம், முடிந்தது. இந்தியாவில் ஒருவர் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்த்த பிறகும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கலாம், அங்கேயோ ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. பத்து லட்சம் பேருக்கு ஐம்பது நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. ஆகவே இந்தியச் சுதந்திரவாதிகள் "அரசைக் குறை" என்று மட்டும் முழங்குவது பாதிப் பேச்சுதான். நீதிமன்றத்திலும் நில ஆவணத்திலும் அவர்கள் கேட்க வேண்டியது கூடுதலான அரசு.

இனி நான் அவர்களை விட்டு விலகும் இடம். அரசு ஒதுங்கினால் தனிமனிதன் தன்னால் சுதந்திரமடைவான் என்கிறார்கள். நான் பிறந்த இடத்தில் வீடு கம்பெனியுடையது, தண்ணீர்க் குழாய் கம்பெனியுடையது, மருந்து தரும் டிரெசரும் பள்ளி வாத்தியாரும் கம்பெனியிடம் சம்பளம் வாங்கினார்கள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அரசாங்கம் கேட்டுக்கு வெளியே நின்றது. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். அதை ஒழிக்க வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இருந்தன. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனை நாடு கடத்தியது அரசாங்கந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கணக்கை ஒரு பக்கமாகச் சாய்த்ததாக ஆகும். வேலையை விட்டால் அன்றைக்கே கூரையும் போகும் என்ற நிலையில் இருப்பவனிடம் போய், "பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே, அதுதானே சுதந்திரம்" என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அந்த நிலையை மாற்றியதும் முழுக்க அரசு அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த காலத்தில், எங்கள் ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியில் பத்துப் பத்தாகப் பங்குத்தொகை கட்டி, தாங்கள் வேலை செய்த தோட்டங்களையே வாங்கினார்கள். என் பாட்டி அந்தப் பங்குப் புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். சுதந்திரவாதிகள் தேடும் உதாரணம் இதைவிட நல்லதாக இருக்க முடியாது. ஆனால் வாங்கிய நிலத்தை வாங்கியவர் பெயரிலேயே நிலைநிறுத்தும் ஒரு நில அலுவலகம் இங்கே இருந்ததால்தான் அந்தப் பத்து வெள்ளிக்கு மதிப்பு நின்றது.

என் வழக்கு? போன மாதம் சித்தப்பா மகன் ஊரிலிருந்து அழைத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லையாம், மறுபடியும் வாய்தா. அடுத்த முறை மூலப்பத்திரத்தை நேரில் காட்ட வேண்டியிருக்கும், ஆனால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள் என்று எங்கள் வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்கு துண்டாக இருக்கும் காகிதத்தை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.