நிலாவரையில் போட்ட தேசிக்காய்

அன்புள்ள ஐயா,

உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறேன். கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்றால், விழுங்கியதை வெளியே தள்ளும் வெண்துளையும் எங்காவது இருக்கவேண்டும்தானே? நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்ததாம் என்று அம்மம்மா சொல்லுவா. இதுவும் அப்படித்தானா?

யாழ்ப்பாணம், புத்தூரிலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

தேசிக்காய்க் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அந்தக் கதைக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லாவது இருக்கிறது; அதில் தண்ணீர் குடைந்த வழிகள் இருக்கின்றன. வெண்துளைக்கு அடியில் இன்றுவரை இருப்பது கணக்கு மட்டும்தான். ஆனால் அழகான கணக்கு.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1916 இல் சுவார்ட்ஸ்சைல்ட் கண்ட தீர்வை, 1960 இல் குரூஸ்கல் முழுமையாக விரித்து, ஒரு வரைபடமாகவே காட்டினார். அதில் கருந்துளையோடு இன்னொரு பகுதியும் இருந்தது. காலத்தைத் திருப்பி ஓட்டிய கருந்துளை அது: உள்ளிருந்து வெளியே வரலாம், வெளியிலிருந்து உள்ளே போகமுடியாது. இப்படியானவை உண்மையிலும் இருக்கலாம் என்று 1964 இல் சோவியத் விஞ்ஞானி நோவிகோவ் எழுதினார்.

வெண்துளை 'தள்ளும்' என்கிறீர்கள். கனபேர் வழுக்கும் இடம் இது. அதற்கும் திணிவு உண்டு, அதுவும் இழுக்கத்தான் செய்யும். ஒரு கல்லை மேலே எறிந்து படம் பிடித்து, பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கல் மேலே போய்க் கீழேதான் விழும். தூரத்தில் சுற்றிவரும் கோளுக்கு, தான் சுற்றுவது கருந்துளையையா வெண்துளையையா என்று தெரியாது.

சரி, விழுந்த தேசிக்காய் வெளியே வருமா? குரூஸ்கலின் வரைபடத்தில் வெண்துளை இருப்பது இறந்தகாலத்தில். கருந்துளையின் உள்ளோ எதிர்காலத்தில். இன்று உள்ளே விழும் பொருளுக்கு அந்த வழியால் மீட்சியே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், வெண்துளை எப்படிப் பிறக்கும் என்பது. அந்தப் படம் என்றென்றைக்கும் இருந்துவரும் கருந்துளைக்கு உரியது. உண்மையான கருந்துளையோ நட்சத்திரம் இடிந்து விழுவதால் உண்டாவது. 1939 இல் ஒப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அதைக் கணக்கிட்டார்கள். நட்சத்திரத்தைப் படத்தில் வைத்ததும், வெண்துளை இருந்த பக்கத்தை அதன் பொருளே மூடிவிடுகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்தே ஒன்று மிஞ்சியிருந்தாலும் தாக்குப்பிடிக்காது என்று 1974 இல் ஏர்ட்லி காட்டினார். அதை நோக்கி வரும் ஒளி உள்ளே போகமுடியாமல் விளிம்பில் குவியும். அந்தச் சக்தி ஏறி ஏறி, கடைசியில் அதையே கருந்துளை ஆக்கிவிடும்.

அதனால், ஏதோ ஒரு மூலையில் கருந்துளைக்குச் சோடியாக வெண்துளை நிற்கிறது என்பதை நான் நம்பவில்லை.

ஆனால் ஒரு வழியை மட்டும் என்னால் விடமுடியவில்லை. ஹகார்டும் ரொவெல்லியும் 2014 இல் முன்வைத்த யோசனை அது. விழுந்த பொருள் முடிவில்லாமல் நசுங்காது. ஓர் எல்லைக்குமேல் குவாண்டம் விளைவுகள் அதைத் திருப்பி எழுப்பும். அதே கருந்துளை தன் கடைசிக் காலத்தில் வெண்துளையாக மாறும். உள்ளே அது கணப்பொழுது. வெளியே பார்ப்பவருக்கோ, நட்சத்திர அளவான ஒன்றுக்குப் பிரபஞ்சத்தின் 1380 கோடி ஆண்டுகளும் போதாது. இதற்கு இன்னும் சான்று இல்லை. ஆனாலும் இது சரியாக இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் கீரிமலை தேவையில்லை. நிலாவரையில் போட்ட தேசிக்காய் நிலாவரையிலேயே மிதக்கும். அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவ என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.