ஒரே ஆல்பம் எல்.பி. இசைத்தட்டில் ஒருவிதமாகவும் சி.டி.யில் வேறுவிதமாகவும் கேட்பது ஏன்? எப்படி ஒப்பிடுவது?

பெரும்பாலும் காரணம் மாஸ்டரிங். பதிவும், குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கும் முடிந்தபின், வெளியீட்டுக்காக ஒலியளவு, பாஸ், ட்ரெபிள் ஆகியவற்றைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை அது. ஒரே டிகாக்‌ஷனில் இருவர் காபி கலந்தால் ருசி மாறுமே, அப்படித்தான்.

சி.டி. 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ். அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிவுசெய்வார்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. ஆனாலும் 1990களிலிருந்து போட்டிபோட்டுச் சத்தத்தை ஏற்றி, டிரம் அடியின் முனையை நசுக்கிய சி.டி.கள் ஏராளம். குற்றம் சி.டி.யுடையது அல்ல.

எல்.பி.யின் கட்டுப்பாடுகள் வேறு. ஆழமான பாஸ் இடது வலதாகப் பிரிந்திருந்தால் ஊசி துள்ளும். அதனால் அதை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் அடைத்தால் ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். தட்டு சீராகச் சுற்றினாலும் உள்வட்டத்தில் ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைவு. கடைசிப் பாட்டில் 'ஸ' ஓசை சீறுவது இதனால்தான்.

ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் அரை டெசிபலுக்குள் சமன்செய்யுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். எல்.பி.யில் லேபிளை ஒட்டிய வெற்றுவளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் பாருங்கள், பள்ளம் வெட்டிய பதிப்புகளில் இது எது என்று அதில்தான் தெரியும்.

உச்ச ஒலிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியை எண்ணாகக் காட்டும் மென்பொருளான டி.ஆர். மீட்டரில் எல்.பி.க்கு எண் கூடுதலாக வந்தால் அது நசுக்கப்படாத மாஸ்டர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சி.டி.யின் அதே மாஸ்டரிலிருந்து வந்த தட்டும் கூடுதல் எண் காட்டும். பள்ளத்தை வெட்டும்போதும் அதில் ஊசி ஓடும்போதும் அலையின் வடிவம் மாறுவதே அதற்குக் காரணம்.