கரண்ட் பில்லைக் கேள்வி கேட்கும் பெண்ணை கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள்

பல்லடத்திலிருந்து எழுதிய அண்ணாவுக்கு,

மகள் எகனாமிக்ஸ் படிக்கிறேன் என்றதில் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. ஆறுதல் அவ்வளவுதான். தறிக்கூடப் பத்திரத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறாரே உங்கள் மச்சான், அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். வட்டி கட்டப்போவதும் அவரில்லை, நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும் அவரில்லை.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், பக்கத்து மாவு மில்லுக்கு மட்டும் ஏன் இல்லை, இதையெல்லாம் யார் முடிவு பண்ணுகிறார்கள் என்று மகள் நச்சரிப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பொருளாதாரத்தில் இந்தக் கேள்விக்கென்றே அரசியல் பொருளாதாரம் என்று ஒரு கிளை இருக்கிறது. சேர்ந்து குரல் கொடுக்கிற சின்னக் கூட்டம் சலுகையை வாங்கிவிடும், சிதறிக் கிடக்கிற பெருங்கூட்டம் தலைக்குப் பத்து ரூபாய் நஷ்டத்துக்காகப் பிழைப்பை விட்டுவிட்டு வராது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965இல் விளக்கினார். கண்காணிக்க வைத்த ஆணையமே அந்தத் தொழிலின் பக்கம் சாய்வது ஏன் என்று 1971இல் எழுதிய இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1982இல் நோபல் வாங்கினார். இறக்குமதி மாதிரி விஷயங்களில் லைசென்ஸுக்கு அலைவதில் எவ்வளவு வீணாகிறது என்று பொருளாதார அறிஞர் ஆன் க்ரூகர் கணக்குப் போட எடுத்த நாடுகளில் ஒன்று நம் இந்தியா. 1964க்கு அவர் போட்ட மதிப்பு தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம்!

சரி, சோறு போடுமா? கரண்ட் கட்டணத்தையே பாருங்கள். கட்டணத்தை மாற்றக் கேட்டு மின்வாரியம் மின் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு போடும்; மின்சாரம் வாங்கிய செலவு, கடன் வட்டி, கம்பியில் போகிற இழப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு (2022இல் கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடந்தது), எந்தச் செலவை ஏற்பது, எதை வெட்டுவது என்று உத்தரவு போடும். அந்த மனுவைப் பிரித்து மேயத் தெரிந்த ஆள் ஆணையத்துக்கு வேண்டும், வாரியத்துக்கு வேண்டும், காற்றாலைக் கம்பெனிக்கும் தொழில் சங்கத்துக்கும் வேண்டும். டிராய் (தொலைத்தொடர்பு), செபி (பங்குச் சந்தை), போட்டி ஆணையம் (கம்பெனிகளின் ஏகபோகம்), ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை எல்லாம் இதே ரகம்தான். எம்.ஏ. முடித்தால் 21 வயதிலிருந்து 30 வரை யுபிஎஸ்சியின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் எழுதலாம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்க நீங்கள் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். கணிதத்தையும் புள்ளியியலையும் மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது, கணக்கு வராமல் எம்.ஏ.வில் திணறுகிறவர்கள் நிறைய. பி.ஏ.வோடு நின்றால் நான் சொன்ன வேலை எதுவும் கிடைக்காது, ஐந்து வருஷம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் எம்.ஏ.வுக்குக் கோட்டூர்புரத்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்துக்குப் போனால் கட்டணம் கூடுதல்தான். அப்போது கல்விக் கடன் வாங்குங்கள், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழி இருக்கிறது.

மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் 2022 கட்டண உத்தரவு இருக்கிறது. ஆங்கிலம், நூற்றுக்கணக்கான பக்கம். விசைத்தறி பகுதியை மட்டும் மகளைப் படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். கொட்டாவி விட்டால் எனக்கு போன் பண்ணுங்கள், வேறு படிப்பு பேசுவோம். அதுவரை அந்தக் காலேஜுக்கு அட்வான்ஸ் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.