பண்டைய கட்டடங்களின் செப்புத்தகட்டு அச்சுகள்: சேகரிப்பவர்களுக்கான கேள்வி பதில்

ரோம், கிரேக்கக் கட்டடங்களைக் காட்டும் பழைய அச்சுப் படங்களை இருபது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்கு உறுதியாகத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எட்சிங், என்கிரேவிங் இரண்டும் ஒன்றுதானா? கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும். இரண்டிலும் செப்புத் தகட்டில் பள்ளமான கோடுகள் போட்டு, பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்தி எடுக்கிறார்கள். அந்தப் பள்ளம் எப்படி விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். என்கிரேவிங்கில் கூர் உளி செம்பையே உழுதுகொண்டு போகும். உளி இறங்கும்போதும் ஏறும்போதும் கோடு மெலிந்துவிடுவதால் முனை ஊசிபோல முடியும். எட்சிங்கில் தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை மட்டும் ஊசியால் கீறுவார்கள், செம்பை அரிக்கும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். கை தடையில்லாமல் ஓடும், கோட்டின் முனை மழுங்கலாக நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, கோடுகளின் முனைகளை மட்டும் பாருங்கள். ஒரே தகட்டில் இரண்டு முறைகளும் கலந்திருப்பது சகஜம்.

கேள்வி: என்னிடம் பிரனேசியின் ரோம் காட்சி ஒன்று இருக்கிறது சார். விற்றவர் 1750-களில் அச்சானது என்றார். நம்பலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படம் வரைந்த வருடம் வேறு, உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான வருடம் வேறு. செப்புத் தகடு அதைச் செய்தவர் இறந்த பிறகும் வாழ்கிறது.

ரோம் கட்டடங்களை எட்சிங்கில் செய்த இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசி 1720-ல் பிறந்து 1778-ல் ரோமில் இறந்தார். 'வெதூதே தி ரோமா' என்ற ரோம் காட்சிகள் வரிசையில் அவர் செய்தவை 135 படங்கள். 1740-களின் பின்பகுதியில் தொடங்கி, சாகும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். தொடக்கக் காலப் படங்களை புஷார், கிராவியே என்ற பதிப்பாளர்கள் விற்றார்கள், அவர்கள் பெயர் படத்தின் அடியில் இருக்கும். 1761-ல் அவரே ஸ்த்ராதா ஃபெலிச்சே தெருவில் அச்சகம் வைத்தார். அதன் பிறகு தன் விலாசத்தையும், ஒரு படம் இரண்டரை பாவோலி (அன்றைய ரோம் நாணயம்) என்ற விலையையும் தகட்டிலேயே பொறித்தார். பிற்பாடு அந்த விலை அழிக்கப்பட்டது. ஆக, அடியில் உள்ள பொடி எழுத்துகளை வைத்தே அச்சான காலத்தை ஓரளவு கட்டம் கட்டிவிடலாம்.

அவர் மறைந்த பிறகு மகன் ஃபிரான்செஸ்கோ தகடுகளை பாரிசுக்குக் கொண்டுபோனார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மறுபடி அச்சிட்டார்கள், தகடுகளில் எண்கள் சேர்க்கப்பட்டன. பிறகு ஃபிர்மின் டிடோ நிறுவனம் 1830-களில் அச்சிட்டது. 1839-ல் தகடுகள் ரோமுக்கே திரும்பிப் போப்பின் அச்சகத்துக்குப் போயின. அங்கும் அச்சிடுவது நிற்கவில்லை. தாளின் ஓரத்தில் மையில்லாத அழுத்து முத்திரை தெரிந்தால், அது பெரும்பாலும் இந்த ரோம் அச்சகத்தின் பிற்கால அச்சு.

நான் முதலில் வாங்கிய பாந்தியன் (ரோமின் பழைய கோயில்) காட்சியையும் 18-ஆம் நூற்றாண்டு அச்சு என்றுதான் விற்றார்கள். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மூலையில் எண் இருந்தது, பாரிஸ் அச்சு. அன்று மிகவும் மனம் வருந்தினேன். ஆனாலும் அந்தப் படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது. பிரனேசி அமிலத்தை ஆழமாக இறக்கியவர் என்பதால் அவர் தகடுகள் நீண்ட காலம் தாங்கின, நல்ல பாரிஸ் அச்சு அழகாகவே இருக்கும். பாரிஸ் அச்சு என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் தவறே இல்லை.

உங்கள் படத்தில் நிழல் விழும் மூலைகளைப் பாருங்கள். முற்கால அச்சில் கருப்புக்குள்ளும் கோடுகள் தனித்தனியாக நிற்கும், வானத்தின் மெல்லிய கோடுகளும் உயிரோடு இருக்கும். தேய்ந்த தகட்டில் முதலில் காணாமல் போவது வானம்தான்.

கேள்வி: அசல் தகட்டு அச்சா, நவீன நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லென்ஸில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன இயந்திர அச்சு, அதோடு முடிந்தது. புள்ளி இல்லை என்றால் தகட்டுத் தடத்தைத் தேடுங்கள். உருளையின் அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் விட்டிருக்கும். ஆனால் தடம் இருப்பதாலேயே அசல் என்று முடிவுகட்டாதீர்கள். புகைப்பட முறையில் செய்த தகட்டு நகல்களிலும் அந்தத் தடம் உண்டு. அவற்றில் கோடுகள் தட்டையாக, நுண்மணலால் ஆனவைபோலத் தெரியும். அசலில் மை மேடாக நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் புரியும்.

கேள்வி: தாளை விளக்குக்கு நேரே பிடித்தால் கோடுகள் தெரிகின்றன. அது நல்லதா?

நல்ல அறிகுறிதான். பழைய கைத்தாள் கம்பி வலையில் வார்க்கப்பட்டது. நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரியும். கோடில்லாத வழுவழுத் தாள் 1750-களில்தான் இங்கிலாந்தில் வந்தது. அதனால் 17-ஆம் நூற்றாண்டுப் படம் கோடில்லாத தாளில் இருந்தால், அது பிற்கால அச்சு. விளக்குக்கு நேரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் சின்னமான நீர்க்குறியையும் தேடுங்கள். பிரனேசி காலத்து ரோம் தாள்களில் இரட்டை வட்டத்துக்குள் அல்லிப்பூச் சின்னம் அடிக்கடி வரும்.

கேள்வி: நடுவில் மடிப்பு இருக்கிறது. குறைதானே?

பெரிய காட்சிகளைத் தொகுதியாகக் கட்டும்போது நடுவில் மடித்துத் தைத்தார்கள். அந்த மடிப்பு படத்தின் வரலாறு, நான் குறையாக எண்ணுவதில்லை. மடிப்பில் கிழிசல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். தகட்டுத் தடம்வரை ஓரத்தை வெட்டியிருந்தால்தான் எனக்கு உண்மையில் வலிக்கும்.

கேள்வி: பழுப்புப் புள்ளிகளை வீட்டில் ப்ளீச் போட்டு எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ப்ளீச் தாளின் நாரையே பலவீனமாக்கும். தாள் பாதுகாப்பு படித்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் புள்ளிகளோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: வண்ணம் தீட்டிய பிரனேசி கிடைத்தது. அபூர்வமா?

பிரனேசி கருப்பு வெள்ளைக்காகவே சிந்தித்தவர். வண்ணம் பெரும்பாலும் பின்னாளில் யாரோ சேர்த்தது, நிழல்களின் ஆழத்தை அது மூடிவிடுகிறது. நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: என் படத்தில் கட்டடம் இடம் வலமாக மாறியிருக்கிறது. போலியா?

போலி என்று உடனே சொல்லிவிட முடியாது. தகட்டில் இருப்பது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும், அதனால் கலைஞர் தகட்டில் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். ஏற்கெனவே அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் போட்ட நகல்காரர்களின் படம் மாறித்தான் வரும். 18-ஆம் நூற்றாண்டில் லென்ஸும் கண்ணாடியும் வைத்துப் பார்க்கும் வேடிக்கைப் படங்களும் இருந்தன. அவற்றின் மேல் ஓரத்தில் தலைப்பும் கண்ணாடி எழுத்தில் இருக்கும். அவை வண்ணம் தீட்டியே விற்கப்பட்டவை.

கேள்வி: படத்தின் அடியில் உள்ள லத்தீன் சொற்களுக்கு என்ன பொருள்?

'டெலினேவிட்' என்றால் வரைந்தவர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் தகட்டில் பொறித்தவர், 'எக்ஸ்குடிட்' என்றால் பதிப்பித்தவர், 'ஃபெசிட்' என்றால் செய்தவர். பெரும்பாலும் சுருக்கித்தான் போட்டிருப்பார்கள்.

கேள்வி: பிரனேசி விலை கட்டுப்படியாகவில்லை அண்ணா. வேறு யாரைப் பார்க்கலாம்?

ஜுசெப்பே வாசி. ரோமுக்கு வந்த புதிதில் பிரனேசி எட்சிங் கற்றது அவரிடம்தான். வாசியின் படங்கள் அமைதியானவை, நாடகம் குறைவு, தெருவும் மனிதர்களும் அதிகம். பிரனேசியின் வழியில் அடுத்த நூற்றாண்டில் வந்த லூயிஜி ரோசினியும் பெரிய அளவில் அருமையாகச் செய்தவர். அளந்து வரைந்த படங்களில் உங்களுக்கு ஆசை இருந்தால் அந்துவான் தெகொதே 1682-ல் வெளியிட்ட ரோம் கட்டடங்களைத் தேடுங்கள். அப்புறம் ஏதென்ஸை அளந்த ஸ்டூவர்ட், ரெவெட் இருவர். அவர்களுடைய முதல் தொகுதி 1762-ல் வந்தது. ஒரு தூணின் தலைப்பகுதி மட்டும் ஒரு தாள் முழுக்க நிற்கும், எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். தனித் தாள்களாக ஏற்கெனவே பிரிந்தவற்றையே வாங்குங்கள். முழுப் புத்தகத்தைப் பிரித்து விற்பவரிடம் நான் வாங்குவதில்லை.

கேள்வி: இந்தப் படங்களை வரலாற்று ஆதாரமாக நம்பலாமா?

அளவுகளை நம்பாதீர்கள். பிரனேசி மனிதர்களைச் சிறிதாக்கிக் கட்டடங்களை மலையாக்குவார். ஆனால் அன்று என்ன இருந்தது என்பதைச் சொல்வதில் இவற்றுக்கு ஈடு குறைவு. அவருடைய பாந்தியனின் முகப்பில் இரண்டு மணிக்கோபுரங்கள் இருக்கும். 1883-ல் அவற்றை இடித்துவிட்டார்கள். பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமானிய மன்றம் (ஃபோரம்) அன்று மாடு மேயும் திடல். அங்குள்ள செப்டிமியஸ் செவரஸ் பேரரசரின் வெற்றி வளைவு பாதிவரை மண்ணில் புதைந்து நிற்கும். பின்னாளில் தோண்டி எடுத்ததை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் பெரிய திகைப்பைத் தரும்.

கேள்வி: படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் படத்தைத் தொடும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். மலிவான அட்டை வருடங்கள் போகப் போகப் படத்தைச் சுற்றிப் பழுப்புச் சட்டமே போட்டுவிடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. ஒட்டு நாடா ஒருபோதும் வேண்டாம். ஜப்பானியத் தாளில் சிறு கீல் வெட்டி, கோதுமை மாவுப் பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், எப்போது வேண்டுமானாலும் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சட்டம் போடுபவர் ஓரத்தை வெட்டினால்தான் உள்ளே அடங்கும் என்றால், படத்தை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுங்கள்.